டிரைவர் சீட்டும் கண்டக்டர் காலும்

எங்கள் டிப்போவுக்கு வருஷம் தவறாமல் காக்கித் துணி வரும். டிப்போ வாசலுக்கு எதிரே இருந்த டெய்லர் கடையில்தான் பாதிப் பேர் தைக்கக் கொடுப்போம். டெய்லருக்கு வாய் கொஞ்சம் நீளம். இஞ்சு டேப்பை டிரைவர் இடுப்பில் சுற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். "அண்ணாச்சி, போன வருஷத்துக்கு ஒன்றரை இஞ்சு கூடிருக்கு. கவர்மெண்டு துணி பத்தாது, பாக்கெட் இல்லாம தச்சிரட்டுமா?" கண்டக்டர்களிடம் இந்தப் பேச்சு கிடையாது. எங்களுக்கு அவர் சொல்வது வேறு. "முட்டில ரெட்டைத் துணி வச்சுத் தைக்கேன். எங்கயாவது கம்பில இடிச்சுக் கிழிச்சுட்டு வந்து நிப்பிய."

எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். டிரைவர் என்றால் தொப்பை இருக்கும், கண்டக்டர் என்றால் ஒல்லியாக இருப்பான், இதில் யோசிக்க என்ன கிடக்கிறது? லண்டனில் ஒரு டாக்டர் இதையே வருஷக்கணக்கில் யோசித்தார், பேண்ட் அளவைக்கூட விடாமல் எடுத்துப் பார்த்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் டெய்லர்தான்.

நான் கண்டக்டராகச் சேர்ந்தது 1983-இல். கொஞ்ச காலம் டவுன் பஸ், பிறகு திருநெல்வேலி – பாபநாசம் ரூட். பேட்டை தாண்டி பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று தாமிரபரணியை விட்டு அதிகம் விலகாமல் போகிற பாதை. வயலும் வாழையும் கூடவே வரும், போகப்போக மேற்கே மலை உயர்ந்துகொண்டே போகும். பார்க்க அழகுதான், கண்டக்டருக்குப் பார்க்க நேரம் கிடைத்தால். முன்வாசலில் ஏறியவர், பின்வாசலில் ஏறியவர், படியில் தொங்குகிறவர் எல்லாரிடமும் போய் டிக்கெட் கிழிக்க வேண்டும். அடுத்த ஸ்டேஜ் வருமுன் இன்வாய்ஸில் நம்பர் எழுதி முடிக்க வேண்டும். நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் கை காட்டினால் அதற்குள் ஒருவர்கூட விடுபட்டிருக்கக் கூடாது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்து, பஸ்ஸின் நீளத்தைத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருப்போம். வாழைத்தாரும் பீடி இலைச் சாக்கும் ஏற்றுகிற நாளில் பின்னால் ஏணியில் ஏறி இறங்குகிற வேலையும் சேர்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் அதைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

டிரைவர் பாடு நேர் எதிர். சீட்டில் உட்கார்ந்தால் சிங்கிள், அதாவது ஒரு வழி நடை, முடியும்வரை எழ முடியாது. பக்கத்திலேயே எஞ்சின் சூடு. பவர் ஸ்டீரிங் வராத காலம், வளைவில் ஒடித்துத் திருப்பக் கையும் தோளும் கடுத்துப்போகும். "இதைவிட என்னவே எக்சர்சைஸ் வேணும்?" என்று எங்கள் அண்ணாச்சி கேட்பார்.

அண்ணாச்சி என் டிரைவர். என்னைவிட மூத்தவர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் அண்ணாச்சி என்றே இருக்கட்டும். அவரோடு ஓடிய வருஷங்கள் என் சர்வீஸில் நல்ல வருஷங்கள். பிரேக் பிடித்தால் நின்றுகொண்டிருக்கிற கிழவி அசைய மாட்டாள், அப்படி ஒரு கால். ஆனால் அந்தக் காலுக்கு வேறு வேலையே கொடுக்கமாட்டார். பாபநாசத்தில் வண்டியை நிறுத்தினால் பானெட்டைத் தாண்டிப் பின்சீட்டுக்குப் போய்ப் படுப்பார். டீயும் வடையும் அங்கேயே வரும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. விடிகாலை டூட்டி ஏறும்போது வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். டிப்போ வாசல் டீயும் ரெண்டு உளுந்த வடையும்தான் காலை ஆகாரம். பதினோரு மணிக்கு அம்பாசமுத்திரத்தில் வாழைக்காய் பஜ்ஜி. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, சில நாள் நான்குக்கு. அளவுச் சாப்பாடு என்பதெல்லாம் எங்களுக்கு இல்லை, சோறு மலையாக வரும். ராத்திரி கடைசி சிங்கிள் முடிந்து பரோட்டாவும் சால்னாவும், அதன் மேல் ஒரு ஆம்லெட். ஓட்டல்காரர்கள் எங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். பஸ் வாசலில் நின்றால்தானே அவர்களுக்கு வியாபாரம். ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் சர்வீஸில் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. காலையில் பஜ்ஜி போட்ட எண்ணெய்தான் ராத்திரி பரோட்டாக் கல்லுக்கும் வரும். கறுத்துப்போன எண்ணெயை நாங்கள் கண்ணால் பார்த்ததுண்டு. ருசியாகத்தான் இருந்தது.

அப்புறம் பீடி. நாங்கள் ஓடிய பாதையே பீடிப் பாதை. கல்லிடைக்குறிச்சி, முக்கூடல், ஆலங்குளம் வட்டாரமெல்லாம் திண்ணைதோறும் பெண்கள் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். இலையை வாங்கிக்கொண்டு போவதும் கட்டைக் கொண்டுவந்து ஒப்படைப்பதும் எங்கள் பஸ்ஸில்தான். அண்ணாச்சிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: சிகரெட் காகிதம், அது கெடுதல், பீடி இலைதானே. ஊரே அப்படித்தான் நம்பியது. உண்மையில் உள்ளே இருப்பது அதே புகையிலை. அணைந்து அணைந்து போவதால் இழுத்து இழுத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது, கார்பன் மோனாக்சைடும் தாரும் அதில் குறைவில்லை. ரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குவதில் இலைக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் கிடையாது. 'புகை பிடிக்காதீர்' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் அண்ணாச்சி வண்டி கிளம்பக் காத்திருக்கும்போது பற்றவைப்பார். பயணிகளும் பற்றவைப்பார்கள். குடிக்காத நான் அதை வருஷக்கணக்கில் சுவாசித்தேன்.

இன்னொன்றும் உண்டு, அது வெளியே தெரியாது. முன்னால் போகிற தனியார் பஸ்ஸைப் பிடித்தால்தான் வசூல். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் காட்டினால்தான் டிரைவர் டிப்போவில் தலை நிமிர முடியும். வேகமாகவும் போக வேண்டும், டீசலும் மிச்சம் பிடிக்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் டைம்கீப்பர், அதற்கு மேல் போனால் மெமோ. நைட் ஹால்ட் என்றால் பஸ் சீட்டில் துண்டை விரித்துப் படுத்து, மூன்றரை மணிக்கு எழுந்து முதல் சிங்கிள் எடுக்க வேண்டும். தூக்கம் கெட்டவனுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்பது மருத்துவப் பாடம். எங்களுக்கு அது டூட்டி சார்ட்.

1996 அடைமழைக் காலம். காலையில் இரண்டாவது சிங்கிள், பஸ் நிறையக் கூட்டம். கிளம்பும்போதே அண்ணாச்சி, "ராத்திரியிலிருந்து வாயு வந்து நெஞ்சைப் பிடிக்கு வே" என்றார். பத்தமடையில் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்து ஏப்பம் விட்டார், "இப்பம் தேவல" என்றார். சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி மெதுவானது. ரோட்டோரமாக, மரத்தடியில், பிசகில்லாமல் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்ட சத்தம் கேட்டது. முன்னால் போய்ப் பார்த்தால் மழைக் குளிரில் மனுஷன் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. முகம் சாம்பல். இடது கையைத் தூக்க முடியவில்லை. அந்த நிலையிலும் எஞ்சினை அணைத்துச் சாவியை என் கையில் கொடுத்தார்.

108 ஆம்புலன்ஸ் அப்போது கிடையாது, 2008-இல்தான் வந்தது. சேரன்மகாதேவி பக்கமிருந்து வந்த ஒரு பிளசர் காரை மறித்தோம். அண்ணாச்சியைக் காரில் ஏற்றும்வரை, பீடிக் கட்டோடு வந்த ஒரு பெரியம்மா சொளவால் விசிறிக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இ.சி.ஜி. எடுத்த கையோடு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏற்றினார்கள். டூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். "நேத்து ராத்திரி வலிச்சப்பவே வந்திருக்கணும். போன தசை திரும்பாது" என்றார். அண்ணாச்சிக்கு அன்றைக்கு நாற்பத்தாறு வயசு.

அந்த வயசு எனக்குப் பல நாள் உறுத்தியது. பின்னால் படித்தபோது அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. 2004-இல் இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. 52 நாடுகள், மாரடைப்பு வந்தவர்கள் ஏறக்குறைய 15,000 பேர், வராதவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. நடத்தியவர் கேரளத்தில் பிறந்து கனடாவில் வேலை பார்த்த டாக்டர் சலீம் யூசுப். நம் தெற்காசியப் பகுதியில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாடுகளில் 59-ஐ நெருங்கி வருகிறது என்று அதில் கண்டார்கள். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய்கனி போதாமை, உடல் அசையாமை, மது என்று எண்ணி ஒன்பது. மாரடைப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த ஒன்பதிலேயே அடங்கிவிடுகிறது என்றார்கள். விதி, ஜாதகம், கண்ணேறு எல்லாம் சேர்ந்து மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

நோய் அன்றைக்குக் காலையில் வந்ததும் அல்ல. கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953-இல் வெளியிட்டார்கள். சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு மேல் இதயக் குழாயில் கொழுப்புப் படிவு ஆரம்பித்திருந்தது. திடகாத்திரமான பிள்ளைகள். அண்ணாச்சி இதைத் தம் பாஷையில் சொல்வார்: "ரேடியேட்டர் ஹோஸ்ல துரு வருஷக்கணக்கா சேரும் வே. வண்டி நிக்கிற அன்னைக்குத்தான் நமக்குத் தெரியும்."

அடுத்த வருஷம் சங்க ஆபீஸில் ஒரு மருத்துவ முகாம் வைத்தோம். அண்ணாச்சிக்கு வந்த பயத்தில் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. ரிட்டயர் ஆன மருத்துவப் பேராசிரியர் ஒருவர் பேச வந்தார். கொழுப்பு, உப்பு என்று ஆரம்பிப்பார், டீ வரும் வரை உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தோம். அவர் எடுத்த எடுப்பில், "லண்டன் மாடி பஸ்ஸைப் பற்றித் தெரியுமா?" என்றார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் மாரடைப்புச் சாவு கிடுகிடுவென ஏறியது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர், தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் துப்புக் கிடைக்கும் என்று நினைத்தார். லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்களில் 31,000 ஆண்களின் கணக்கை எடுத்தார். ஒரே பஸ், ஒரே ரூட், ஒரே மாதிரி வீடு, ஏறக்குறைய ஒரே சம்பளம். டிரைவர் தம் டூட்டி நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் ஒரு நாளில் 500 முதல் 750 படி வரை மாடிக்கு ஏறுகிறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிழைக்கிறவர்கள் அதிகம். 1953-இல் இது 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. உடம்பு அசைவுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது எங்கள் வேலைதான்!

கண்டக்டர்கள் கை தட்டினோம். சிலர் விசிலும் அடித்தார்கள், சங்கத்தில் விசிலுக்கா பஞ்சம்? டிரைவர்கள் முகம் விழுந்துபோனது. பேச வந்த டாக்டர் விடவில்லை. "கொஞ்சம் பொறுங்க. அதே மோரிஸ் மூணு வருஷம் கழிச்சு இன்னொண்ணு எழுதினார். யூனிஃபார்ம் ரெஜிஸ்டர எடுத்துப் பேண்ட் அளவப் பாத்தாரு. டிரைவரா வேலைக்குச் சேரும்போதே அவங்க இடுப்பு அளவு பெருசு. அப்படின்னா சீட்டு ஆளக் கெடுத்துதா, ஆளுதான் சீட்டத் தேடிப் போனாரா?" தன் கண்டுபிடிப்பைத் தானே குடைந்து பார்க்கிற மனுஷர் என்பதால்தான் மோரிஸ் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. அவர் அத்தோடு நிற்கவில்லை. நடந்து கடிதம் கொடுக்கிற தபால்காரரையும் உட்கார்ந்து வேலை பார்க்கிற குமாஸ்தாவையும் ஒப்பிட்டார். பிறகு ஆயிரக்கணக்கான அரசு அலுவலர்களை எடுத்து, ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்கிறவர்களையும் செய்யாதவர்களையும் பிரித்துப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் விடை ஒரே பக்கம்தான் சாய்ந்தது. தானும் ஓடினார், நீந்தினார். 2009-இல் இறக்கும்போது வயது 99.

பேச்சு முடிந்து ரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் நிறுத்தினார்கள். அங்கேதான் கண்டக்டர்களின் கொண்டாட்டம் அடங்கியது. ஒல்லியாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அழுத்தம் கூடுதல். எனக்கு மேல் எண் 150-ஐத் தொட்டது. தலைவலியில்லை, மயக்கமில்லை, ஒரு அறிகுறியும் இல்லை. "நடக்கிறீங்க, சரி. என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். தூக்குச்சட்டியில் மோர் சோறு, தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு. தூத்துக்குடி உப்பளத்துக்குப் பக்கத்து மாவட்டக்காரர்கள் நாங்கள், உப்பைக் கணக்குப் பார்த்துப் போடுகிற வழக்கமே இல்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதில் குழம்பு, பொரியல், ஊறுகாய், மிக்சர் எல்லாம் அடக்கம். எங்கள் வீட்டில் ஊறுகாய் மட்டுமே அந்தத் தேக்கரண்டியைத் தீர்த்துவிடும்.

வரிசையில் நின்ற ஒரு டிரைவர் கேட்டார். "அப்பம் நாங்கல்லாம் கண்டக்டர் ஆயிரணுமா டாக்டரய்யா?" டாக்டர் சிரித்தார். "வேண்டாம். வண்டி நிக்கும்போது நீங்க இறங்குங்க, அது போதும்."

மாரடைப்பு வந்து மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி டிப்போவில் லைட் டூட்டிக்கு வந்திருந்தார். ஸ்டீரிங் திரும்பக் கிடைக்காது என்பதில் அவருக்கு வருத்தம் உண்டு. வீட்டில் அவர் மனைவி, எனக்கு மயினி, அவளுடைய அரசாங்கம் நடந்தது. மாதம் ஆளுக்கு அரை லிட்டர் எண்ணெய் என்று பாட்டிலில் கோடு போட்டுவைத்தாள். பொரித்த எண்ணெயை மறுபடி ஏற்றுவதில்லை. டால்டா டப்பா துளசிச் செடிக்குத் தொட்டியாகிவிட்டது. வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு நல்ல கொழுப்பைக் குறைத்துக் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது. அதை 2 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்தது 2022-இல். மயினி கால் நூற்றாண்டு முந்திக்கொண்டாள். சோறு பாதியானது, காய் இரட்டிப்பானது. அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, தை மாதத்தில் சிறுகிழங்கு, மற்ற நாளில் கேப்பைக்களி. கறி மாதம் ஒரு நாள். சாளை மீன் குழம்பு வாரம் ரெண்டு நாள், பொரிக்காமல். எல்லாம் எங்கள் ஊரில் எப்போதும் கிடைத்த சாமான்கள்தான். ஒன்றுக்கும் வெளியூர்ப் பெயர் கிடையாது, விலையும் கிடையாது.

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. "உப்பில்லாத சோத்தத் தின்னு நூறு வயசு இருந்து என்னத்தச் செய்ய?" என்பார். "நூறு வேண்டாம், மவ கல்யாணம் மட்டும் இருங்க" என்பாள் மயினி.

பீடிதான் கடைசிவரை சண்டை போட்டது. விடுவார், பத்து நாளில் தொடுவார், மறுபடி விடுவார். விட்ட ஒரு வருஷத்தில் புகையால் வந்த அபாயம் பாதியாகக் குறையும் என்று சொல்லிச் சொல்லித்தான் நானும் பின்னாலேயே திரிந்தேன். முழுசாக விட்டது எப்போது தெரியுமா? ஓட்டுநர் ஓய்வறையை விட்டு ஸ்டோர் செக்‌ஷனுக்கு மாற்றிய பிறகு. அங்கே கூட இருந்தவர்கள் யாரும் குடிக்கவில்லை. அவ்வளவுதான் ரகசியம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பழக்கத்தை மாற்று என்று தனி ஆளிடம் சொல்வது சுலபம். அண்ணாச்சி முன்னாலும் அதே அண்ணாச்சிதான், பின்னாலும் அதே அண்ணாச்சிதான். மாறியது அவர் உட்கார்ந்த இடம், உண்ட நேரம், பக்கத்தில் இருந்த ஆள். டிப்போ கேண்டீனில் வடைக்குப் பக்கத்தில் சுண்டல் வையுங்கள், நைட் ஹால்ட் இடத்தில் படுக்க ஒரு அறை கொடுங்கள், இரண்டு சிங்கிளுக்கு நடுவே பத்து நிமிஷம் ஓய்வு எழுதுங்கள் என்று சங்கத்திலிருந்து மனுக் கொடுத்தோம். சுண்டல் வந்தது. அறை வரவில்லை. பத்து நிமிஷத்துக்கு நிர்வாகம் சொன்ன பதில், "டைமிங் இடிக்கும்."

ஃபின்லாந்தில் வடக்குக் கரேலியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. 1970 வாக்கில் அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பில் விழுந்த வேகம் உலகத்திலேயே மோசம். மரம் வெட்டுகிறவர்கள், பண்ணை வேலைக்காரர்கள், அதாவது உடல் உழைப்புக்குக் குறைவில்லாதவர்கள். ஆனால் ரொட்டியில் வெண்ணெய், காப்பியில் பாலாடை, எல்லாவற்றிலும் உப்பு, எல்லார் வாயிலும் சிகரெட். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் நோயாளியைத் தேடிப் போகவில்லை, ஊரைத் தேடிப் போனார்கள். பெண்கள் சங்கத்தில் சமைத்துக் காட்டினார்கள். சாசேஜ் செய்கிறவர்களிடம் பேசிக் கொழுப்பையும் உப்பையும் குறைக்க வைத்தார்கள். பால் பண்ணைக்காரருக்குப் பிழைப்புப் போகாமல் இருக்கக் காட்டுப் பழம் பயிரிட வழிசெய்தார்கள். சில பத்தாண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பாளையங்கோட்டை நூலகத்தில் இதைப் படித்தபோது, எங்கள் பத்து நிமிஷ மனுவை அவர்களிடம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

நான் ரிட்டயர் ஆனதும் என் கால் நின்றது. சர்வீஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்த நடை, பென்ஷன் வந்த மாதமே போய்விட்டது. நாற்காலி, பேப்பர், டி.வி. சர்க்கரை எட்டிப்பார்த்தது. அண்ணாச்சிதான் வீட்டு வாசலில் வந்து நின்றார். "என்னவே, இப்பம் நீரு டிரைவராயிட்டீரு?" பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அடையாளம். அண்ணாச்சி பேசிக்கொண்டேதான் நடப்பார். பேச்சு பெரும்பாலும் பழைய தனியார் பஸ்காரர்களைப் பற்றி.

மோரிஸ் பார்த்த அந்தக் கண்டக்டர் வேலை லண்டனிலேயே அநேகமாக முடிந்துபோனது. பின்படி வைத்த ரூட்மாஸ்டர் பஸ்களை 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கேயும் இடைநில்லாப் பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாண்டிலேயே டிக்கெட் போட்டுவிட்டு இறங்கிக்கொள்கிறார். தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். பீடி சுற்றிய கைகளின் பேத்திகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலியும் கொடுத்து நடக்கவும் வைத்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இப்போது ஏறக்குறைய எல்லாருமே டிரைவர் சீட்டில்தான் இருக்கிறோம், கையில் ஸ்டீரிங் மட்டும் இல்லை. ஓட்டலுக்குப் போகக்கூட வேண்டாம், பரோட்டா வாசலுக்கு வருகிறது.

சில நல்லதும் நடந்திருக்கிறது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2-இல் வந்தது, பஸ்ஸுக்குள் இப்போது யாரும் பற்றவைப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு பெண் வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. அந்த வசதி 1996-இல் இருந்திருந்தால் அண்ணாச்சியின் இதயத் தசை இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டார், பேரன் இப்போது பிளஸ் டூ. மாத்திரையும் மைதானமும் தவறுவதில்லை. ஊறுகாய் ஜாடியை மட்டும் மயினி இன்னும் மேல்தட்டில்தான் வைத்திருக்கிறாள்.

படிக்கிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கையோ தாடையோ வலித்தால் சோடா வாங்கப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, நீங்கள் போகிற பஸ் ஸ்டாண்டிலோ மோட்டலிலோ நிற்கும்போது டிரைவர் இறங்கி வண்டியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நடந்தால், "என்ன சார், லேட்டாகுதே" என்று சத்தம் போடாதீர்கள். முடிந்தால் நீங்களும் இறங்கி அவரோடு நடங்கள்.